பூசணம் பிடித்த பிளாப்பிகள், உள்ளே பாமினிக் கோப்புகள்: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளைத்தாள்:
நின்றுபோன ஒரு சிற்றிதழின் பிளாப்பிகள் (பழைய காந்த வட்டுகள்), 1994 முதல் 2000 வரை உள்ளவை. 3.5 இஞ்ச் 62, 5.25 இஞ்ச் 11. மேலே ஒட்டிய சீட்டுகளில் "பேஜ்மேக்கர் இதழ் 14", "கவிதை பாமினி", "சந்தா முகவரி" என்றெல்லாம் இருக்கிறது (பேஜ்மேக்கர் பக்க அமைப்பு மென்பொருள், பாமினி பழைய தமிழ் எழுத்துரு). சிலவற்றில் தகரக் கதவை ஒதுக்கிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள். புது யுஎஸ்பி டிரைவில் நாலைப் போட்டதில் இரண்டு திறந்தன. மூன்றாவதைப் போட்டால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. நாலாவது கீச்சென்று கத்தியது. அதற்குப் பிறகு முதலில் திறந்த வட்டுகளும் திறக்கவில்லை. திறந்தபோது நகலெடுத்த கோப்புகளிலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். 5.25-க்கு டிரைவே இல்லை. எதை முதலில் செய்வது?

பழையஇரும்பு:
முதலில் நிறுத்துங்கள். கீச் சத்தம் வந்தால் ஹெட் (டிரைவில் வட்டைப் படிக்கும் முனை) வட்டின் பூச்சைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். அந்தப் பூச்சும் பூசணமும் ஹெட்டில் அப்பிக்கொண்டதால்தான் நல்ல வட்டும் திறக்கவில்லை. அதே ஹெட்டோடு அடுத்த வட்டைப் போட்டால் அதிலும் வட்டமாகக் கீறல் விழும். கீறிய இடத்தில் இருந்த தரவு போனது போனதுதான்.

ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் நிற்கிறது. அதைத் தூக்கி வளைத்தாலோ பஞ்சு நார் மாட்டி இழுத்தாலோ நிலை தவறிவிடும், டிரைவ் வீண். பூசண வட்டு ஒவ்வொன்றுக்கும் பிறகு துடைக்க வேண்டும்.

3.5 வட்டில் கதவை விரலால் ஒதுக்கிப் பிடித்து, நாரற்ற துணியில் ஆல்கஹால் தொட்டு, பின்பக்கத்து உலோகக் குமிழைச் சுற்றிக்கொண்டே துடையுங்கள். இரண்டு பக்கமும் தொட்டும் தொடாமலும். துணியில் பழுப்பு நிறம் ஏறினால் உடனே விடுங்கள், பூச்சே கரைந்து வருகிறது. 5.25-இல் சன்னல் வழியாகத் துடைத்துப் பயனில்லை. உறைக்குள் இருக்கும் துணியிலும் பூசணம் இருக்கும். உறையின் மேல் ஓரத்தைக் கத்தரித்து வட்டை உருவி, காய்ச்சி வடித்த நீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசி, நிழலில் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறைக்குள் நுழைத்துப் படிக்க வேண்டும்.

இனி டிரைவ். யுஎஸ்பி டிரைவ் வழக்கமான 1.44 எம்பி வட்டுக்கும், சிலது 720 கேபி வட்டுக்கும் சரி. ஒரு செக்டார் (வட்டில் தரவு இருக்கும் சிறு துண்டு) படிக்காவிட்டால் "பிழை" என்று சொல்லிக் கைவிரித்துவிடும். பழைய கணினியிலிருந்து கழற்றிய 34 பின் பிளாப்பி டிரைவும், அதை இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் பலகையும்தான் சரியான வழி. அது கோப்பைப் படிப்பதில்லை; காந்த மாற்றங்கள் வரும் நேர இடைவெளியை அப்படியே பதிவு செய்கிறது. ஒவ்வொரு டிராக்கையும் (வட்டில் உள்ள வளையப் பாதை) 5 சுற்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் கெட்ட செக்டார் இன்னொன்றில் சரியாக விழும். இப்படி ஒரு தடவை பதிவு செய்தால் போதும், மிச்ச ஆராய்ச்சியெல்லாம் பதிவை வைத்து.

5.25-க்கு 1.2 எம்பி டிரைவ் தேடுங்கள். 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும், பழைய பவர் சப்ளை போதும். 360 கேபி வட்டில் 40 டிராக், இந்த டிரைவில் 80. அதனால் ஒன்று விட்டு ஒன்று தாண்டிப் படிக்கும்படி அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் டிராக் வரிசை தவறிவிடும்.

ஃபார்மேட் கேட்கும் வட்டுக்கு "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். முதல் செக்டார் மட்டும் போயிருக்கலாம். மேக்கில் எழுதிய 1.44 வட்டைப் போட்டாலும் விண்டோஸ் இதையேதான் கேட்கும்.

தாழ்ப்பாள்:
மேலே விட்டுப்போனது: எழுத்துத் தடை, அதாவது வட்டில் எதுவும் புதிதாகப் பதியாமல் தடுப்பது. 3.5-இல் ஓட்டை திறந்திருந்தால் தடை. 5.25-இல் தலைகீழ், ஓரத்து வெட்டை மூடினால்தான் தடை. ஒளியால் உணரும் டிரைவ்கள் உண்டு, ஆகவே கண்ணாடி டேப் ஒட்டினால் ஏமாறும். கறுப்பு டேப் ஒட்டுங்கள். பழைய கணினி கிடைத்ததே என்று விண்டோஸ் 95 அல்லது 98-இல் போட்டுப் பார்க்கிற ஆசை வேறு வரும். தடை இல்லாத வட்டின் முதல் செக்டாரில் அது தானாகவே ஓர் அடையாளத்தை எழுதிவிடும்.

பலகை வாங்கும்வரை யுஎஸ்பி டிரைவும் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலும் போதும். முதல் ஓட்டம் மறுமுயற்சி இல்லாமல், அடுத்தது 3 முயற்சியோடு. எது படித்தது, எது விடுபட்டது என்று அது குறித்து வைக்கும் மேப் கோப்பைப் பத்திரமாக வைத்து, இன்னொரு டிரைவில் அதே மேப்பைக் கொடுத்து ஓட்டினால் விடுபட்ட செக்டாரை மட்டும் தேடும். ஹெட் நிலை டிரைவுக்கு டிரைவ் கொஞ்சம் வேறுபடும், அதனால் ஒன்று கைவிட்டதை மற்றொன்று படிக்கும். முழு 1.44 வட்டின் பிம்பம் (வட்டை அப்படியே எடுத்த நகல் கோப்பு) 14,74,560 பைட் இருக்க வேண்டும்.

வெள்ளைத்தாள்:
ஹெட்டைத் துடைத்ததும் முதல் இரண்டும் திரும்பத் திறந்தன, பிம்பமும் எடுத்தாயிற்று, அளவு சரி. ஒரு 5.25 வட்டின் சீட்டில் "பேக்கப் 001, கண்ட்ரோல் 001" என்று எழுதியிருக்கிறது. இது என்ன?

பழையஇரும்பு:
விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் பேக்கப் கட்டளை உண்டாக்கிய கோப்புகள். பெரிய கோப்பைப் பல வட்டுகளாகப் பிரித்துப் போடும், அதனால் 002, 003 எல்லாம் சேர்ந்தால்தான் பயன். எல்லாவற்றுக்கும் பிம்பம் எடுத்துவிட்டு, டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு போலிக்கணினி நிரலில் அதே காலத்து டாஸைப் பிம்பத்திலிருந்து ஏற்றி, ரிஸ்டோர் கட்டளையில் வரிசையாகக் கொடுங்கள்.

எழுத்துக்கூட்டி:
குப்பை என்று சொன்னீர்களே, அது குப்பை இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்து "தமிழ்" வரவேண்டிய இடத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி என்று இருந்தால் பாமினி: ஜே த, கே ம, பி இகரக் கொக்கி, ஓ ழ, அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி. முக்கால் பின்னக்குறி, மேலே கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் காசுக்குறி, கோடு போட்ட சின்ன யு என்று நாலே எழுத்தாக இருந்தால் டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கம். ஒரே இதழில் தலைப்பு ஒரு எழுத்துருவிலும் உடல் இன்னொன்றிலும் இருக்கும். மொத்தமாக யூனிகோடு மாற்றியில் கொட்டினால் பாதி கெடும்.

மாற்றியபின் கண்ணால் பார்க்க வேண்டியது ஔகாரம். இந்த எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் பின்னால் போக வேண்டும். கொம்பு, க, ள என்று வந்தால் அது "கௌ"வா "கெள"வா என்று எந்த மாற்றிக்கும் தெரியாது. "கௌரவம்" "கெளரவம்" ஆகிவிடும். "கெள", "மெள", "செள" என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் வழி.

பேஜ்மேக்கர் 6 அல்லது அதற்கு மேல் என்றால் லிப்ரேஆபிஸ் திறக்கும். பக்க அமைப்பு சிதையும், உரை வரும். 5 என்றால் பழைய விண்டோஸில் 6.5 போட்டுத் திறந்து, ஒவ்வொரு ஸ்டோரியாக (தொடர்ந்து ஓடும் உரைத் தொகுதி) உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். எழுத்துருக் கோப்பும் அதே பெட்டியில்தான் இருக்கும், டிடிஎஃப் என்று முடிகிறதா பாருங்கள். மாற்றியின் அட்டவணை சரியா என்று சோதிக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வெள்ளைத்தாள்:
ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியேதான். "சந்தா முகவரி" வட்டில் மட்டும் வேறு மாதிரி, அதன் பிம்பத்தை எடுத்துவிட்டு எழுதுகிறேன்.