அவெஞ்சர் 220 பைக்: ஆளும் பொதியும் ஏறினா பின்பக்கம் இடிக்குது, எந்த ஷொக் (அதிர்வு தாங்கி) போடலாம்?

வாவிக்கரை:
ஓட்டுற ஆள் 80 கிலோ, பின்னால 60, கரியர் பெட்டியில 15. செங்கலடியால மகாஓயா, பிபிலை போற பாதையில மதகுகளில இறங்கக்குள்ள பின்பக்கம் டமார் எண்டு இடிக்குது. வளைவுல முன்சில்லு பாரமில்லாம மிதக்குது. ஷொக்கில ஸ்பிரிங்கை அமத்தி வைக்கிற அஞ்சு படியில கடைசிப் படிக்கு வைச்சாச்சு. கடையில 20 மி.மீ. நீளம் கூடின காஸ் ஷொக் சோடி ஒண்டு காட்டினாங்க. அதைப் போட்டா சரிவருமா அண்ணன்மார்?

சில்லும் அச்சும்:
தம்பி, காசு குடுக்க முதல் அளந்து பாருங்க. பின்சில்லை நிலத்தில முட்டாமத் தூக்கி, அச்சு நட்டின் நடுவில இருந்து நேர் மேல மட்கார்ட்டில ஒரு அடையாளம் வரைக்கும் அளங்க. மறுகா ரெண்டு பேரும் பொதியோட ஏறி இருக்க, இன்னொராள் அதே இடத்தை அளக்கட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாழ்வு. சில்லின் முழு அசைவில கால் பங்கில இருந்து மூண்டிலொரு பங்குக்குள்ள அது நிக்கவேணும். அசைவு 90 மி.மீ. எண்டா 23 முதல் 30 வரை.

படியைக் கூட்டினா ஸ்பிரிங் இறுகுது எண்டு நிறையப் பேர் நம்புறாங்க. அது பிழை. படி பைக்கின் உயரத்தை மட்டும்தான் தூக்கும், ஸ்பிரிங்கின் பலம் அதேதான். கடைசிப் படியிலயும் தாழ்வு கூடவா இருந்தா பலம் கூடின ஸ்பிரிங்தான் வேணும், நீளம் கூடின ஷொக் இல்ல.

அடுத்தது, சீற்றைக் கீழ அமத்தி விடுங்க. மேல வந்து ஒருதரத்தில அடங்கினா ஷொக்குக்குள்ள ஆட்டத்தை அடக்கிற எண்ணெய்ப் பகுதி நல்லம். ரெண்டு மூண்டு தரம் ஆடினா அது செத்துப்போச்சு.

காக்கா_அக்கரைப்பற்று:
அந்த 20 மி.மீ. சோடியை விட்டுடுங்க. ஷொக்கின் கீழ்ப் போல்ட் அச்சுக்கு முன்னால இருக்கு, ஷொக்கும் சரிஞ்சு நிக்குது. அதனால பின்பக்கம் 20-ஐ விடக் கூடவே உயரும். ஹேண்டில் பதட்டமாகும், பின்சில்லைப் பிடிச்சு மேல கீழ அசையிற ஸ்விங் ஆர்மில செயின் உரசும், சைட் ஸ்டாண்டில பைக் கூடச் சரியும்.

வாங்கக்குள்ள பழசைக் கழட்டிக்கொண்டு போங்க. மேல் போல்ட் நடுவுக்கும் கீழ் போல்ட் நடுவுக்கும் இடையில உள்ள நீளம், போல்ட் நுழையிற புஷ்ஷின் உள்விட்டம், அந்த புஷ் இருக்கிற கண்ணின் (வளையத்தின்) அகலம், இந்த மூண்டும் ஒத்து வரவேணும். காஸ் கலன் தனியா இருக்கிற வகை எண்டா சைலன்சரிலயும் பக்கப் பெட்டிக் கம்பியிலயும் முட்டுதா எண்டு வைச்சுப் பாருங்க. அமுங்கின நீளத்தையும் கேளுங்க. அது பழசை விடக் குறைஞ்சா ரயர் மட்கார்ட்டில தேயும்.

பழைய சோடி வாங்கினா ஷொக்குக்குள்ள போய்வாற குரோம் கம்பியில, அதுதான் ரொட், நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா குரோம் அரிச்சுப்போச்சு, புது சீல் போட்டாலும் ஒழுகும். எங்கட கரையோரத்து உப்புக் காத்தில இது கெதியா நடக்கும்.

வாவிக்கரை:
அளந்தாச்சு. தூக்கினபடி 412, ஆளும் பொதியும் ஏறினா 367. அமத்தி விட்டா மூண்டு தரம் ஆடுது. இடப்பக்க ரொட்டில எண்ணெய்.

சில்லும் அச்சும்:
தாழ்வு 45. அசைவில பாதி போயிட்டுது, மதகில இடிக்கிறது அதாலதான். ஸ்பிரிங் பலம் காணாது. எண்ணெய்ப் பகுதி முடிஞ்சது வேற பிழை. சீல் மாத்தினா ஆட்டம் நிக்கும், தாழ்வு நிக்காது. ஆகவே சோடியா மாத்துங்க, பழைய நீளத்திலேயே, கம்பி தடிச்ச ஸ்பிரிங்கோட. சுருளின் விட்டமும் எண்ணிக்கையும் ஒண்டெண்டா, கம்பி 8 மி.மீ.ல இருந்து 8.5 ஆனாலே பலம் ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். 9 எண்டா 60 சதவீதம், தனிய ஓடக்குள்ள முதுகு நோகும்.

மாத்தக்குள்ள பிரேமுக்குக் கீழ ஜக் வைச்சு, ஒரு பக்கம் முடிச்சுத்தான் மத்தப் பக்கம் கழட்டுங்க. ரெண்டையும் ஒண்டா எடுத்தா ஸ்விங் ஆர்ம் விழும், போல்ட் ஓட்டை நேர்படாது. அந்த நேரத்தில சில்லைப் பக்கவாட்டில ஆட்டிப் பாருங்க. ஆடினா ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் தேஞ்சுபோச்சு, அதை விட்டுட்டு ஷொக் மாத்தி வேலை இல்ல.

கனபேர் விடுற பிழை ஒண்டு: ரப்பர் புஷ் உள்ள ஷொக்கை சில்லு தொங்கக்குள்ளயே கடைசி இறுக்கு இறுக்கிறது. மறுகா பைக் இறங்கினதும் ரப்பர் முறுகி நிண்டு, கொஞ்ச நாளில கிழியும். கையால நட் போட்டு, ஜக்கை இறக்கி, ஆள் ஏறி இருக்க மனுவல் சொன்ன டோர்க்குக்கு (இறுக்கு அளவுக்கு) இறுக்குங்க. படி ரெண்டு பக்கமும் ஒரே எண்ணில.

காக்கா_அக்கரைப்பற்று:
அந்த 15 கிலோப் பெட்டியையும் யோசிங்க. அச்சுக்குப் பின்னால தொங்கிற பாரம் நெம்புகோல் மாதிரி முன்சில்லைத் தூக்கும். கனமானதைப் பக்கப் பையில, அச்சுக்கு முன்னால வையுங்க. பெட்டியில உடுப்பு மட்டும். வேலை முடிஞ்சதும் செயின் தளர்வை ஆள் இருக்க ஒருக்காப் பாத்து, ஹெட்லைட்டையும் திருப்பி வையுங்க. பின்பக்கம் உயர்ந்ததும் வெளிச்சம் கிட்டத்தில விழும், மகாஓயாப் பக்கம் இரவில யானை நிக்கிற தூரம் தெரியாது.