கீழேருந்து நிழல் ஏறுது, வலி இல்ல. விழித்திரை விலகலா?

கல்லிடை_மருமகன்:
அண்ணாச்சிமாரே, அத்தைக்கு 61 வயசு. எட்டு மாசம் முந்தி வலது கண்ணுல புரை ஆபரேஷன். நேத்து சாயங்காலத்துல இருந்து ஓரத்துல மின்னல் வெட்டுது, கரும்புள்ளி கொத்தாப் பறக்கு. இன்னைக்குக் காலைல மூக்குப் பக்கம் கீழேருந்து கருப்பா நிழல். வலி, செவப்பு எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை வேற. நாளைக்குக் காமிச்சாப் போதுமா? ஆபரேஷன்னா கேஸா எண்ணெயா? எத்தனை நாள் குப்புறப் படுக்கணும்?

மேலப்பாளையம்_ஆப்டிகல்ஸ்:
60 தாண்டினா கண்ணுக்குள்ள இருக்க ஜெல்லி சுருங்கும். மின்னலும் பூச்சியும் அதுலதான் வாரது. பதற வேண்டாம்.

பாளை_ரெட்டினா:
மேல சொன்னது மின்னலுக்கும் பூச்சிக்கும் மட்டும் சரி. அதுக்குமே கண்மணியை விரிச்சுப் பாக்காம விடக் கூடாது. நிழல் வந்துட்டா கதையே வேற. ஜெல்லி சுருங்கும்போது விழித்திரையை இழுத்துக் கிழிச்சிருக்கு, கிழிசல் வழியா தண்ணி பூந்து திரையைச் சுவர்லேருந்து பிரிக்குது. விழித்திரைல வலி நரம்பு கிடையாது, அதனால வலியை வச்சு எடை போடாதீங்க.

கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழா விழும். மூக்குப் பக்கம் கீழ நிழல் தெரியுதுன்னா, திரை விலகியிருக்கது காதுப் பக்கம் மேல. இருக்கதுல மோசமான இடம் இதுதான். தண்ணி தன் பாரத்துல கீழ இறங்கி, நடுவுல இருக்க மாகுலாவை, அதான் கூர்மையான பார்வைக்கான இடத்தைத் தூக்கிரும். கீழ்ப்பக்கம் விலகினா நாள் கணக்கு, மேல்பக்கம் விலகினா மணிக் கணக்கு.

இப்பவே இடது கண்ணைப் பொத்திட்டு, வலது கண்ணால மட்டும் சுவர்க் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்க. ஜன்னல் கம்பி நெளியுதான்னும் கேளுங்க. தேதி தெளிவாத் தெரிஞ்சா மாகுலா இன்னும் ஒட்டித்தான் இருக்கு. அப்படின்னா ஒரு நாளுக்குள்ள ஆபரேஷன் ஆகணும். நடுவு மங்கிட்டாலும் விட்டுராதீங்க, ரெண்டு மூணு நாளுக்குள்ள செஞ்சா பார்வை நல்லாவே திரும்ப வாய்ப்பு உண்டு. கிளம்புத வரைக்கும் மல்லாக்கப் படுத்து, தலையை வலது பக்கம் சாய்ச்சு வைக்கட்டும். பைக்ல கூட்டிட்டுப் போக வேண்டாம், காரைப் பிடிங்க.

திருநெல்வேலி அரவிந்த் கண்ணாஸ்பத்திரியோ ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியோ, போன் போட்டு "விழித்திரை டாக்டர் இன்னைக்கு இருக்காவளா"ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. கண்ணாடிக் கடை டெஸ்ட்டுல இது தெரியாது. சொட்டு மருந்து ஊத்தி விரிச்சு, தலைல விளக்கு மாட்டி, கண்ணோட ஓரத்தை அமுக்கிப் பாத்தாத்தான் கிழிசல் ஆப்புடும். எல்லாக் கிழிசலையும் கண்டுபிடிச்சு அடைக்கணும்; ஒண்ணு விட்டாலும் திரும்ப விலகும்.

தியேட்டர்_சிஸ்டர்:
திரை ஒட்டுத வரைக்கும் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள்ள வைக்கது கேஸா எண்ணெயான்னு கிழிசலைப் பாத்துட்டு டாக்டர்தான் முடிவு பண்ணுவாவ. மேல்பக்கக் கிழிசல்னா பெரும்பாலும் கேஸ். அதுல ரெண்டு வகை: எஸ்.எஃப்.6 ரெண்டு வாரம் வாக்குல கரைஞ்சிரும், சி3எஃப்8 ஆறுலேருந்து எட்டு வாரம் நிக்கும். எண்ணெய் தானாக் கரையாது. மூணுலேருந்து ஆறு மாசத்துல இன்னொரு ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். ரொம்ப நாள் விட்டா குமிழ் குமிழா உடைஞ்சு கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும்.

கேஸ் போட்ட புதுசுல கை ஆட்டினாத்தான் தெரியும், பயந்துராதீங்க. கேஸ் குறையக் குறைய டம்ளர்ல தண்ணி மட்டம் மாதிரி ஒரு கோடு, நடக்கும்போது தளும்பும். கோட்டுக்கு மேல தெளிவாவும், நாளாக ஆகக் கோடு கீழ இறங்கும். கடைசில கொலுசு மணி போல ஒரு உருண்டை கீழ கெடந்து ஓடி, மறைஞ்சிரும்.

எல்லாருக்கும் குப்புறத்தான்னு இல்ல. குமிழி மேல எழும்பும், அது கிழிசல்ல போய் முட்டணும், அதுக்குத்தான் படுக்கை. எந்தப் பக்கம், எத்தனை நாள்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்குங்க. குப்புறன்னு சொன்னா நெஞ்சுக்குத் தலகாணி, நெத்திக்குச் சுருட்டின துண்டு, கண்ணு எதுலயும் அமுங்கக் கூடாது. மணிக்கு 50 நிமிஷம் அப்படி, பத்து நிமிஷம் சாப்பாடு, பாத்ரூம்.

கேஸ் இருக்க வரைக்கும் வாகைக்குளத்துல ஃபிளைட் ஏறக் கூடாது, மாஞ்சோலை, கொடைக்கானல் பக்கமும் போகக் கூடாது. உசரம் போனா கேஸ் விரியும், பிரஷர் ஏறி கண்ணு நரம்பு போயிரும். வேற ஏதாவது ஆபரேஷன்னா மயக்க டாக்டர்கிட்ட "கண்ணுல கேஸ் இருக்கு"ன்னு முதல்லயே சொல்லணும், நைட்ரஸ் ஆக்சைடுங்குத மயக்க வாயு ஆகாது. கேஸ் இருக்குன்னு காட்ட கைல மாட்டுத பட்டையைக் கழட்டிராதீங்க.

கல்லிடை_மருமகன்:
தேதி தெரியுது, கம்பியும் நேரா இருக்காம். கார் வந்துட்டு. சுகர் மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடுதாவ. நிறுத்தணுமா?

பாளை_ரெட்டினா:
நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, அட்டையோட எடுத்துட்டுப் போங்க. புரை ஆபரேஷன் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை கூடவே. கடைசியாச் சாப்பிட்ட நேரத்தைக் குறிச்சு வைங்க, கேப்பாவ. பத்துல எட்டு ஒம்பது பேருக்கு முதல் ஆபரேஷன்லயே ஒட்டிரும். ஒட்டாமப் போறது பெரும்பாலும் திரை மேல தழும்பு படர்ந்து சுருக்குறதால. ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள அது தெரிஞ்சிரும், ரிவ்யூ தேதியை விட்டுராதீங்க.

இடது கண்ணையும் விரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அங்க திரை விலகாம வெறும் கிழிசல் மட்டும் இருந்தா, சுத்தி மூணு வரிசை லேசர் வச்சா முடிஞ்சுது. அந்தத் தழும்பு இறுக பத்து நாளுக்கு மேல ஆகும், அதுவரைக்கும் தண்ணிக்குடம் தூக்க விடாதீங்க.