கொழும்பிலிருந்து ஸ்கூபா பழகப் போகிறவர்களுக்கு: முதலில் காற்றைப் பாருங்க

வெள்ளவத்தைக்காரர்:

டிசம்பர் லீவுக்கு நிலாவெளி போய் ஸ்கூபா பழகலாமா என்று கேட்டிருக்கிறீங்க தம்பி. வேண்டாம். வாடைக்காற்று அடிக்கிற காலத்தில் கிழக்குக் கடல் கலங்கிக் கிடக்கும். கண்ணுக்கு முன்னால் நீட்டிய கையே மங்கலாகத் தெரிகிற தண்ணியில் பழகிப் பிரயோசனம் இல்லை. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் கல்கிசை, ஹிக்கடுவை, உனவட்டுன. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று தொடங்கினதும் அப்படியே மாறும். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா.

டிசம்பர் என்றால் ஹிக்கடுவைதான் லேசு. கோட்டையில் காலிப் பக்கம் போகிற கோச்சி ஏறினால் இரண்டு, இரண்டரை மணித்தியாலம். "கொழும்புக் கடலிலேயே அவ்வளவு கப்பல் மூழ்கிக் கிடக்குதே" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். கிடக்குதுதான். ஆனால் பெயர் பெற்றவை பலவும் 30 மீற்றரை ஒட்டி, இல்லாவிட்டால் இன்னும் கீழே. 1917இல் ஜெர்மன் கப்பல் வுல்ஃப் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடியில் மூழ்கிய வூஸ்டர்ஷயர் 50 மீற்றருக்கும் கீழே. புதிதாகப் பழகுகிறவர் முதலில் எடுக்கிற ஓபன் வாட்டர் கார்டுக்கு எல்லை 18 மீற்றர்.

தெஹிவளைக்காரர்:

அண்ணா சொன்னது சரி. கோர்ஸ் பற்றிக் கொஞ்சம். ஒருநாள் "டிஸ்கவர்" என்பது 12 மீற்றருக்குள் ஆசிரியர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறது, அதற்குக் கார்டு வராது. கார்டு வேண்டுமென்றால், பேடி (PADI) என்கிற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் முறையில் பாடம் 5 பகுதி, நீச்சல் குளம் மாதிரி ஆழமில்லாத இடத்தில் 5 பயிற்சி, கடலில் 4 டைவ். மூன்று, நான்கு நாள் பிடிக்கும். பாடத்தைக் கொழும்பிலேயே போனில் படித்து முடித்துவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம். அதைச் செய்யாத ஒருவருக்கு "இரண்டு நாளில் கார்டு" என்று எந்தக் கடை சொன்னாலும், எந்தப் பயிற்சியை விடுகிறீங்க என்று கேளுங்க.

200 மீற்றர் நிற்காமல் நீந்தவேண்டும், நேரக் கணக்கு இல்லை. 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவேண்டும். மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி வாசியுங்க. ஆஸ்துமா, காது ஆபரேஷன், இதய நோய் மாதிரிக் கேள்விகளுக்கு "ஆம்" விழுந்தால் டொக்டரின் கையெழுத்து இல்லாமல் தண்ணிக்குள் விடமாட்டார்கள். கடற்கரைக்குப் போய் டொக்டர் தேடினால் அரை நாள் போச்சு.

நிலாவெளிக்காரர்:

கோர்ஸைப் பாதியில் விட்டுப் போகிறவர்களில் கனபேருக்குக் காரணம் பயமில்லை, காது.

மேலே அழுத்தம் 1 பார், 10 மீற்றரில் 2 பார். அதாவது காதுக்குள் இருக்கிற காற்று அந்த முதல் 10 மீற்றரிலேயே பாதியாகச் சுருங்குது. அடுத்த 10 மீற்றரில் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் 4 மீற்றரில் கத்துகிற காது 15 மீற்றரில் பேசாமல் இருக்கும். படகில் இருக்கும்போதே மூக்கைப் பொத்தி மெதுவாக ஒருதரம் ஊதுங்க. பிறகு நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலேயாக, அரை மீற்றருக்கு ஒருதரம். வலி வரட்டும் என்று காத்திருக்கிறதுதான் பிழை. அதற்குள் காதுக்குப் போகிற குழாய் ஒட்டிப்போய்விடும், எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது, செவிப்பறைதான் கிழியும். ஒரு மீற்றர் மேலே வாங்க, விடுபட்டதும் திரும்ப இறங்குங்க. தடிமனுக்கு மூக்கில் மருந்து விட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. ஆழத்தில் மருந்து வேலை செய்வது நின்றால், ஏறும்போது காற்று வெளியேற வழி இருக்காது.

காற்றுக் கணக்கு. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லீற்றர், 200 பார். 50 பார் படகுக்குத் திரும்பி வரவேண்டியது, அதைத் தொடக்கூடாது. மிச்சம் 150 பார், சுமார் 1,650 லீற்றர். புதிதாகப் பழகுகிறவர் மேலே நிமிடத்துக்கு 25 லீற்றர் இழுப்பார் என்று வைத்தால், 10 மீற்றரில் 50, 18 மீற்றரில் 70. ஆக முதலாவதில் 33 நிமிடம், இரண்டாவதில் 24க்கும் குறைவு. இரண்டு கையையும் துடுப்பு மாதிரி அடிக்கிறவருக்கு இதுவும் வராது. கையைக் கட்டிக்கொள்ளுங்க.

ஈயக் கட்டியைக் கூட்டிக் கட்டி இறக்குகிறது சோம்பல் ஆசிரியர் வேலை. சரியான எடை என்றால், காற்றடித்து மிதக்கிற ஜாக்கெட்டில் காற்று இல்லாமல் சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் தண்ணி கண்மட்டத்தில் நிற்கும், விட்டால் மெல்லத் தாழும். அதற்குமேல் 2 கிலோ சேருங்க, டைவ் முடியும்போது சிலிண்டரிலிருந்து அவ்வளவு காற்று போயிருக்கும். மூச்சைப் பிடித்துப் பார்க்கிறது மேலே மட்டும். கீழே ஒருபோதும் பிடிக்காதீங்க: நுரையீரல் நிறைந்திருக்க ஒன்றரை மீற்றர் ஏறினாலே கிழியலாம். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றர், 5 மீற்றரில் 3 நிமிடம் நின்று வாங்க.

மாஸ்க் ஒழுகுது என்று கடையைத் திட்ட முன்னம் மீசையைப் பாருங்க. மூக்குக்குக் கீழே ஒரு விரல் அகலம் மழித்தாலே பாதி ஒழுக்கு நிற்கும். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் ரப்பர் வழுக்கும்.

நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற தீவான புறாமலையில் கறுப்பு முனைச் செட்டைச் சுறாவுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது உங்களைக் கண்டதும் ஓடிவிடும். கடிக்கிறது கூடு காக்கிற பெரிய கிளாத்தி மீன் (டிரிகர்ஃபிஷ்). அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிகிற புனல் மாதிரி, எனவே மேலே ஏறித் தப்பப் பார்த்தால் எல்லைக்குள்தான் நிற்பீங்க. காலில் இருக்கிற ஃபின்னை அதன் பக்கம் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்க. திருக்கை அல்லது முள்ளு மீன் குத்தினால் 45 பாகைக்கு மேற்படாத சுடுதண்ணியில் 30 முதல் 90 நிமிடம் ஊறவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்க. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் டைவ் காசுக்குள் அடக்கமா என்று முதலே கேளுங்க.

கார்டு கையில் வந்தபின் திருகோணமலைக் கோணேசர் கோயிலடிப் பாறைக்கு ஒரு டைவ் வையுங்க. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்கள் அங்கே கிடக்குது, 1956இல் மைக் வில்சன் மூழ்கிக் கண்டவை. பாருங்க, தொடவேண்டாம்.

வெள்ளவத்தைக்காரர்:

ஒன்று விட்டுப்போச்சு. டைவ் முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு எல்ல, நுவரெலியா என்று கோச்சி ஏறுகிறது இப்ப வழக்கமாகிவிட்டது. நுவரெலியா 1,868 மீற்றர், எல்ல போகிற வழியில் பட்டிப்பொல அதைவிடவும் உயரம். உடம்பில் கரைந்த நைதரசனுக்கு அதுவும் விமானம் ஏறுகிற மாதிரித்தான். பல டைவ் செய்தால் 18 மணித்தியாலம் பொறுக்கவேண்டும், ஒன்றே ஒன்று என்றால் 12. கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறதுக்கும் இதே கணக்கு. பேசாமல் மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்க தம்பி, திரும்ப வரும் கரையோரக் கோச்சிக்கு உயரம் என்ற பிரச்சினையே இல்லை.