21 வயதில் மார்பகச் சத்திரசிகிச்சை: பெரியம்மா தரும் பணத்தை ஏற்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம், திருநெல்வேலி மாணவி

எனக்கு 21 வயது; பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என் மார்பு மிகவும் சிறியது என்ற எண்ணம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என்னை விடவில்லை. அக்காவின் கலியாணத்துக்குச் சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, தையல்கார அன்ரி எல்லோருக்கும் கேட்கும்படி "பஞ்சு வைத்துத்தான் தைக்க வேணும்" என்று சொன்னது இன்றும் மனதில் நிற்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த பெரியம்மா, தன் மகள் மார்பைப் பெரிதாக்கச் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டதையும் அதன் பிறகு அவள் சந்தோஷமாக இருப்பதையும் சொல்லி, எனக்குச் சென்னையில் செய்விக்க முழுச் செலவையும் தருவதாகக் கூறினார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த வயதில் செய்வது சரியா? பின்னாளில் பால் கொடுக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: தாதி, கொக்குவில்

தங்கச்சி, முதலில் வயதைப் பார்ப்போம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அழகுக்காக மார்பைப் பெரிதாக்குவதற்கு உப்புநீர் நிரப்பிய பைகளை 18 வயதிலிருந்தும், சிலிக்கோன் ஜெல் பைகளை 22 வயதிலிருந்தும் மட்டுமே அனுமதித்திருக்கிறது. சிலருக்கு மார்பக வளர்ச்சி பதின்ம வயதின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் தொடர்வதுண்டு. ஆகவே ஓரிரு வருடங்கள் பொறுத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

பால் கொடுப்பதைப் பற்றி ஒரே சொல்லில் பதில் தர முடியாது. இந்தப் பைகளை வைத்த பல தாய்மார் பால் கொடுக்கிறார்கள். ஆனால் முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரமாக வெட்டினால் பால் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்படும் வாய்ப்பு, மார்பின் கீழ் மடிப்பில் வெட்டுவதைவிடக் கூடுதலாகும். காம்பின் உணர்வு குறைந்து, சிலருக்கு அது திரும்பாமலே போவதும் உண்டு.

பையின் மேற்பரப்பு வழுவழுப்பானதா, சொரசொரப்பானதா என்றும் கேளுங்கள். சொரசொரப்பான பைகளைச் சூழ உருவாகும் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் உலகெங்கும் மீளப்பெறப்பட்டன.

பதில் 2: பெயர் வேண்டாம், மானிப்பாய்

நான் 24 வயதில் செய்துகொண்டவள். எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்பது இங்கே அவசியமில்லை. முதல் மூன்று வருடங்கள் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போது மனம் நிறைந்தது என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. நான்காம் வருடத்தில் இடப்பக்கம் கல்லைப் போல இறுகி, மேலே ஏறி, படுக்கும்போது வலிக்கத் தொடங்கியது. உடம்பு தனக்குள் வந்த அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு தோலை வளர்ப்பது இயல்புதான், அந்தத் தோல் சுருங்கிப் பையை நெரித்தால் இப்படியாகும் என்று வைத்தியர் விளக்கினார். முதல் சத்திரசிகிச்சைக்கு முன்னர் இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. கையொப்பமிட்ட பத்திரத்தில் இருந்திருக்கலாம், அதை நான் வாசிக்கவுமில்லை. இரண்டாம் முறை வெட்டியதற்கான பணத்தை என் அண்ணாவிடம் கைநீட்டி வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே பெரியம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவர் தருவது முதல் சத்திரசிகிச்சைக்கான பணம் மட்டுமா? இந்தப் பைகள் வாழ்நாள் முழுவதற்குமானவை அல்ல. சிலிக்கோன் பை உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் வைத்து ஐந்தாறு வருடங்களிலும், பின்னர் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு முறையும் ஸ்கான் செய்து பார்க்கும்படி மேற்சொன்ன நிர்வாகமே பரிந்துரைக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுவது இலகுதான். ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அங்கே ஓட முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

பதில் 3: சுன்னாகம் அன்ரி

பிள்ளை, கலியாணப் பேச்சு வரும் என்பதற்காகச் செய்ய நினைத்தால் வேண்டாம். வருகிற மாப்பிள்ளையைத் தெரியாமலே அவருக்காக உடம்பை வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் 1 தொடர்ச்சி: தாதி, கொக்குவில்

அன்ரி சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் தங்கச்சி கலியாணத்தைப் பற்றி எழுதவேயில்லை. நான் கேட்க விரும்புவது வேறொன்று: இந்த எண்ணம் உங்களுக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் வருகிறது? விரிவுரைக்குப் போகாமல் இருக்கும் அளவுக்கு, கண்ணாடியை விட்டு நகர முடியாத அளவுக்கு வருகிறதென்றால், முதலில் மனநல வைத்தியர் ஒருவரிடம் பேசுங்கள். அப்படியான நிலையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் திருப்தி கிடைப்பதில்லை, கவலை வேறோர் உறுப்புக்கு மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்: திருநெல்வேலி மாணவி

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, விரிவுரைகளைத் தவறவிட்டதில்லை. சேலை கட்டும் நாட்களில்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. நேற்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை, பால் கொடுப்பதைப் பற்றித்தான் அவரும் முதலில் கேட்டார். பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் இரண்டாம் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்டபோது, தன் மகளுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டதை அப்போதுதான் சொன்னார். இறுதிப் பரீட்சை முடியும் வரை இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.