பழைய டிராக்டர்: கிளட்ச் ஆயில் டப்பா எங்கே இருக்கு? பாரம் ஏத்தினா கிளட்ச் வழுக்குது

பாப்பிரெட்டிப்பட்டி_மரவள்ளி:
35 எச்பி, 1990களில் வந்த வண்டி. டபுள் கிளட்ச் (சக்கரத்துக்கு ஒண்ணு, பின்னால கருவிகளைச் சுத்துற பிடிஓ தண்டுக்கு ஒண்ணு). கியர் பெட்டிக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். கிழங்கு ஏத்தின ட்ரெய்லரோட மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகர மாட்டேங்குது. கருகின வாசனையும் வருது. காரில் இருக்கிற மாதிரி கிளட்ச் ஆயில் டப்பா தேடினேன், கிடைக்கல. எங்கே ஊத்தணும்? பெடலை நானே சரிபண்ண முடியுமா?

போச்சம்பள்ளி_பட்டறை:
அண்ணா, உங்க வண்டியில் கிளட்சுக்குன்னு ஆயிலே கிடையாது. பெடலில் இருந்து ரிலீஸ் பேரிங் (கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற பேரிங்) வரைக்கும் ராடும் லிவரும்தான் வேலை செய்யுது. அதனால டப்பாவைத் தேடாதீங்க, பெடல் ப்ளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்றதுக்கு முன்னால பெடல் சும்மா போற தூரத்தைப் பாருங்க.

இன்ஜினை நிறுத்திட்டு பெடலைக் கையால அமுக்குங்க. முதலில் லேசா போகும், அப்புறம் கெட்டியாகும். அந்த லேசான தூரத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ. இருக்கணும், கையேட்டில் வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. கிளட்ச் பிளேட் தேயத் தேய பிங்கர்கள் (பேரிங் தள்ளுற லிவர் நுனிகள்) பேரிங் பக்கம் நெருங்கி வரும், ப்ளே குறையும். ப்ளே சுத்தமா போயிட்டா பேரிங் எப்பவும் பிங்கரைத் தொட்டுக்கிட்டே சுத்தும். பாதி கிளட்ச் அமுக்கின மாதிரிதான். அதான் வழுக்கலும் கருகலும்.

பெடலுக்குக் கீழே உள்ள ராடில் லாக் நட்டைத் தளர்த்துங்க. காட்டர் பின்னைக் கழட்டி யோக்கை (ராடு முனையில் இருக்கிற கவட்டையை) ஒரு சுத்து திருப்புங்க, மாட்டி அளங்க. ப்ளே கூடுற பக்கம் எதுன்னு முதல் சுத்திலேயே தெரிஞ்சுடும். சரியான அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கிட்டுப் புது காட்டர் பின் போடுங்க. சில வண்டியில் ராடுக்குப் பதில் பெடல் தண்டில் கிளாம்ப் போல்ட் இருக்கும். ப்ளேயை அளவுக்கு மேல வெச்சுடாதீங்க, கிளட்ச் முழுசா விடாம கியர் கரகரன்னு கத்தும்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:
கியர் பெட்டி ஆயிலையும் சேர்த்துப் பார்த்துடுங்க. சமதரையில் நிறுத்தி, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கி, பத்து நிமிஷம் விட்டுட்டு ஆயில் குச்சியை எடுங்க. லிஃப்ட் மேலே இருந்தா அளவு குறைவாகக் காட்டும், நீங்க அதிகமா ஊத்திடுவீங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. சேத்து உழவு ஓட்டின வண்டிகளில் இது சகஜம். மேலே ஊத்தாம முழுசா வடிச்சு மாத்துங்க. கெட்டியான 140 ஆயில் வேண்டாம், பம்பு இழுக்கத் திணறும், லிஃப்ட் மெதுவாகும்.

பாப்பிரெட்டிப்பட்டி_மரவள்ளி:
ப்ளே 4 மி.மீ. தான் இருந்துச்சு. 22க்கு வெச்சேன். வெறும் வண்டி நல்லா போகுது, பாரத்தில் இன்னும் வழுக்குது. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் அடியில் ஒரு ஓட்டை, அதிலிருந்து சொட்டுது.

போச்சம்பள்ளி_பட்டறை:
அந்தச் சொட்டுதான் முக்கியம். கறுப்பா, நீர்த்து இருந்தா இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு. வெளுப்பா, பிசுபிசுன்னு இருந்தா கியர் பெட்டி ஷாஃப்ட் சீல். எதுவானாலும் பிளேட் ஆயிலில் நனைஞ்சிருக்கும், இனி எவ்வளவு திருகினாலும் பிடிக்காது.

உறுதி செய்ய: ட்ரெய்லரைக் கழட்டுங்க, முன்னால யாரும் நிக்கக் கூடாது. ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்து மிதிங்க. டாப் கியர், நடுத்தர ஆக்ஸிலரேட்டர், கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் நிக்கணும். நிக்காம ஓடினா பிளேட் போச்சு. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப செஞ்சா ஃப்ளைவீல் (கிளட்ச் பிளேட் உரசுற இன்ஜின் சக்கரம்) சுட்டு நீலமாகும்.

வண்டியைப் பிரிக்கணும். கூலி பெரிசு, அதனால பிளேட்டோட சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (ஃப்ளைவீல் நடுவில் ஷாஃப்ட் முனையைத் தாங்குறது) எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாத்துங்க. புது பேரிங்கை டீசலில் கழுவ விடாதீங்க, உள்ளே உள்ள கிரீஸ் போயிடும். ஃப்ளைவீலில் வெடிப்பு தெரிஞ்சா லேத்தில் பாக்கச் சொல்லுங்க. பிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கணும், இல்லேன்னா வண்டி கிளம்பும்போது உதறும். டபுள் கிளட்ச்னா பிடிஓ பக்க அட்ஜஸ்ட்மென்ட்டையும் அப்பவே வெச்சுடணும்.

அரூர்_உழவு:
அடியில் உள்ள அந்த ஓட்டையை அடைச்சுடாதீங்க அண்ணா. சேத்து உழவுக்கு மட்டும் பிளக் போட்டு, முடிஞ்சதும் கழட்டணும். அடைச்சே வெச்சா கசிவு உள்ளேயே தேங்கிப் புது பிளேட்டும் நனையும். தொப்பூர் மாதிரி ஏத்தத்தில் கிளட்ச் மேல கால் வெச்சுக்கிட்டே ஓட்ட வேண்டாம். முன்கூட்டியே சின்ன கியருக்கு மாத்திட்டுக் காலை எடுத்துடுங்க.