மெம்பிஸ் 1968: கூலி உயர்வைவிடச் சங்க அங்கீகாரம் ஏன் முதன்மையானது?

கேள்வி:
அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரில் 1968 பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்துவருகிறேன். முழுநேரம் உழைத்தும் வறியோர்க்கான அரசு உதவியை நாடும் நிலையில் அவர்களில் பலர் இருந்தனர். அப்படியிருக்க, பேச்சுவார்த்தை சங்க அங்கீகாரத்திலும் சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்துக் கொடுப்பதிலும் முட்டி நின்றது ஏன்? கூலி உயர்வை முதலில் பெற்றுக்கொண்டிருக்கலாமே?

பதில் 1:
அவர்களை வெளியே வரவைத்த நிகழ்வுகளிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஜனவரி இறுதியில் மழை பெய்த ஒரு நாளில், கறுப்பினத் தொழிலாளர்கள் இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளையருக்கு முழு நாள் கூலி கிடைத்தது. பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும், வண்டியின் அழுத்தும் இயந்திரம் தானாக இயங்கியதால் நசுங்கி இறந்தனர். பழுதான வண்டியை மாற்று என்று கேட்பதற்கும், கேட்டவனை வேலையிலிருந்து நீக்காமல் தடுப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டும்; அதைக் கூலி உயர்வு தராது. 1963இல் சங்கம் அமைக்க முயன்ற 33 பேர் நீக்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. சங்கக் கிளையின் 1733 என்ற எண்ணிலேயே அந்த 33 இருக்கிறது.

சட்டமும் துணைநிற்கவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கியதால், தெற்கில் கறுப்பின மக்கள் பெருமளவில் செய்த வேலைகள் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. மாநகராட்சி ஊழியர்களுக்கும் அது பொருந்தவில்லை. எனவே மேயர் ஹென்றி லோப், வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று சொல்லி அங்கீகாரத்தை மறுக்க முடிந்தது. குறைந்த கூலிக்காரரிடம் மாதந்தோறும் கையேந்திச் சந்தா திரட்டும் சங்கம் நெடுநாள் தாங்காது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

பதில் 2:
மேலே சொன்னதற்கு முன்னுதாரணம் உண்டு. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தொடங்கிய ரயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர் சங்கம், அந்தப் பெட்டிகளை இயக்கிய புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் காண 12 ஆண்டுகள் ஆயின. இடையில் நிறுவனம் தானே அமைத்த போட்டி அமைப்பைக் காட்டிச் சங்கத்தை ஒதுக்கிவைத்தது. 1937 ஒப்பந்தம்தான் மாதம் 400 மணி நேரம்வரை நீண்ட வேலையை 240ஆகக் குறைத்தது. நிர்வாகம் மனமிரங்கித் தருவதை நிர்வாகமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அப்படிச் செய்வது எளிதன்று.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இறுதியில் சந்தாப் பிடித்தம் கிடைத்ததா?

பதில் 1:
கிடைத்தது, சற்றுச் சுற்றுவழியில். தொழிலாளர்களுக்குத் துணையாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று எட்டிய உடன்பாட்டில் நகரம் சங்கத்தை ஏற்றது. சந்தா, ஊழியர்களின் சேமிப்பு-கடன் கூட்டுறவு அமைப்பின் வழியாகத் தொழிற்சங்கத்துக்குச் சென்றது. கூலி, மணிக்கு மே மாதத்தில் 10 செண்டும் செப்டம்பரில் 5 செண்டும் உயர்ந்தது. நீங்கள் முதலில் வாங்கியிருக்கலாமே என்று கேட்ட கூலி உயர்வு இவ்வளவுதான்.