புதுப்பிப்பு: தம்பியின் பின்தொடைத் தசைக் கிழிசல்

பந்து வீச ஓடும்போது தம்பிக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது, வலி போன பிறகும் மறு எம்ஆர்ஐயில் அந்த இடம் வெள்ளையாகவே தெரிகிறதே, ஏன் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். இப்போது மருத்துவர் விளக்கிவிட்டார்.

கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் தசைக்குள் இருக்கும் நீர் பளிச்சென்று தெரியும். அது மிச்ச அழற்சியா, ஆறிவரும் திசுவா என்று படம் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், குணமாகி ஆடத் திரும்பியவர்களிலேயே 89 சதவீதம் பேருக்கு இந்த வெளிச்சம் இருந்தது. கேட்டதும் பெரிய நிம்மதி!

அதனால் தசையின் பலம், நீட்சி, அழுத்தினால் வலிக்கிறதா என்பதை வைத்தே ஆடத் திரும்பலாமா என்று முடிவெடுக்கிறார்கள். தசைக்குள் ஓடும் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்ப்பட்டை) கிழிந்திருந்தால் கதை வேறு, ஆற அதிக நாளாகும். இவனுக்கு அது முழுசாக இருக்கிறது. மெதுவோட்டம் தொடங்கியாயிற்று; முழு வேகத்துக்கு இன்னும் அனுமதி இல்லை.